விடியலில் கடற்கரை, மாலையில் கார் பந்தயம்

சென்னைக் கடற்கரை கிழக்கு பார்த்தது. சூரியன் கடலிலிருந்து எழுந்து ஊருக்குப் பின்னால் மறைவதால், கேமராவும் கையுமாக அலையும் நண்பர்களின் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஃபார்முலா ஒன் பருவத்தில் அதே கூட்டம் மாலை 6.30 மணிக்கு யாராவது ஒருவர் வீட்டுத் தொலைக்காட்சி முன் சேர்கிறது. ஐரோப்பாவில் பெரும்பாலான பந்தயங்கள் கோடையில் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும்; நமக்கு அது மாலை ஆறரை.

காலை ஒளி எதிரிலிருந்து வருவதால் முகங்கள் கறுத்து, உருவக்கோடுகள் மட்டும் துலங்கும். மயிலாப்பூரை ஒட்டிய நொச்சிக்குப்பத்தில் கரையேறும் படகுகளுக்கும் வலை உதறுபவர்களுக்கும் அந்த ஒளி மிகப் பொருத்தம். அது அவர்கள் வேலை செய்யும் இடம் என்பதால், ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் படமெடுப்பதே மரியாதை. கடலின் நிறமும் முகங்களும் தெளிவாக வேண்டுமென்றால் மாலை நாலு மணிக்குமேல், வெயில் முதுகுப்பக்கம் விழும்போது போகவேண்டும். உப்புக் காற்று லென்ஸில் படலமாகப் படியும். மென்துணி எப்போதும் பையில் இருக்கட்டும்.

பெசன்ட் நகரில் பலரும் முதலில் படமெடுப்பது வெள்ளை வளைவுகள் கொண்ட கார்ல் ஷ்மிட் நினைவிடத்தை. நீரில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் 1930-இல் உயிரிழந்த டென்மார்க் மாலுமி அவர். வடக்கே, அடையாறு முகத்துவாரத்தில், 1967-இல் கட்டி 1977-இல் வெள்ளம் உடைத்த பாலம் நிற்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. செயற்கை வெளிச்சம் குஞ்சுகளைத் திசைமாற்றிவிடும் என்பதால் இரவில் ஃபிளாஷ் கூடவே கூடாது. 1988 முதல் மாணவர் குழு ஒன்று இரவெல்லாம் நடந்து இந்த முட்டைகளைக் காத்துவருகிறது.

மெரினாவில் ஓடும் குதிரையைப் படமெடுக்க ஒரு வழி உண்டு. ஷட்டர் வேகத்தை விநாடியில் 1/60 அளவுக்குக் குறைத்து, குதிரையோடு சேர்த்து கேமராவையும் சீராகத் திருப்பினால், குதிரை துலக்கமாக நிற்கும். பின்னணி கோடுகளாக ஓடும். பேனிங் எனப்படும் இதே முறையில்தான் பந்தயக் காரின் வேகத்தையும் படத்தில் காட்டுகிறார்கள்.

அதைப் பழக வெளிநாடு போகவேண்டியதில்லை. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. வாரக் கடைசியில் நகரமே அங்கே திரண்ட காலம் அது. 1990 வாக்கில் பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்கு மாறியது. 2024 ஆகஸ்ட் இறுதியில் தீவுத்திடலைச் சுற்றி, அண்ணா சாலை, சிவானந்தா சாலை வழியாக, சுமார் 3.5 கிலோமீட்டர் தெருத்தடத்தில் இரவுப் பந்தயமே நடந்தது.

ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இரண்டு இந்தியர்களும் சென்னையில் பிறந்தவர்கள். கோவையில் வளர்ந்த நாராயண் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டான் அணிக்கு ஓட்டி, அமெரிக்கப் பந்தயத்தில் நான்காவதாக வந்தார். டயர் பிரச்சினையால் பல அணிகள் விலகி, ஆறு கார்களே ஓடிய பந்தயம்தான்; ஆனாலும் அந்த 5 புள்ளிகள் இந்தியாவுக்கு முதல் புள்ளிகள். 2010-இல் வந்த கருண் சந்தோக்கின் தாத்தா இந்து சந்தோக், மெட்ராஸ் கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். கருணின் குரலை இன்று பந்தய ஒளிபரப்பிலேயே கேட்கலாம்.

புதிதாகப் பார்ப்பவர் முன்னால் போகும் காரை மட்டும் கவனித்தால் அலுப்புத் தட்டும். பந்தய தூரம் பொதுவாக 305 கிலோமீட்டர். மழையில்லாத பந்தயத்தில் குறைந்தது இரண்டு வகை டயர்களைப் பயன்படுத்தவேண்டும். மாற்றுவது இரண்டு, மூன்று விநாடி வேலைதான். ஆனால் அதற்காகத் தடத்திலிருந்து விலகி, பிட் பாதையில் மெதுவாகப் போய்வருவதற்குள் இருபது விநாடி போய்விடலாம். எந்தச் சுற்றில் உள்ளே வருவது என்பதில்தான் பந்தயமே திரும்புகிறது. கூட்டமாக உட்கார்ந்து பார்ப்பதன் சுகமும் இந்த வாதத்தில்தான்.

ஜப்பான் பந்தயம் நமக்குக் காலை 10.30 மணி வாக்கில் வரும். அன்று கடற்கரையிலிருந்து மயிலாப்பூர் ராயர் மெஸ் இட்லிக்குப் போய், அப்படியே தொலைக்காட்சி முன் உட்கார்ந்துவிடலாம். பிரேசில் பந்தயம் முடிய நள்ளிரவாகும் என்பதால், அதற்கு முந்தைய விடியலில் கடற்கரைக்குப் போகிறவர்கள் மதியம் தூங்கி எழுவது நல்லது.