'டச் அண்ட் கோ': கார்டு மட்டும்தானா?

ஜொகூர் பாருவிலிருந்து பாலம் தாண்டி சிங்கப்பூர் போகிறவர்களுக்கு 'டச் அண்ட் கோ' என்றால் டோல் கார்டுதான். 1997 முதல் மலேசியாவில் புழங்கும் பெயர். தொட்டால் போதும், போய்க்கிட்டே இருக்கலாம்!

ஆனால், மருத்துவமனையில் டாக்டர் "இட்ஸ் டச் அண்ட் கோ" என்றால்? தாத்தா சீக்கிரம் வீட்டுக்கு வந்துடுவார்னு நினைச்சிடாதீங்க. பிழைப்பாரா என்று சொல்ல முடியாத நிலை அது. செய்தித் தமிழில், 'நிலைமை கவலைக்கிடம்'. ஆங்கிலத்தில் 'கிரிட்டிக்கல்' என்பார்கள்.

வேறு எங்கெல்லாம் வரும்?

• ஆட்டம் யார் பக்கமும் சாயலாம்: இழுபறி.

• பஸ் கிடைக்குமா, கிடைக்காதா: சந்தேகம்தான். 'டைசி' என்றும் சொல்லலாம்.

• விமானிப் பயிற்சி: ஓடுபாதையைத் தொட்டு, நிற்காமல் மறுபடி மேலே ஏறுவது. இதில் மட்டும் சொல்லுக்குச் சொல் அதே அர்த்தம்.

புரியலையா? தயங்காம டாக்டரிடமே கேளுங்க: "உயிருக்கு ஆபத்தா?"