ஆம்ப்ளிஃபயருக்குள் ஒரு காந்தாரம்: கிட்டார் டோன் எப்படி உருவாகிறது?

எலக்ட்ரிக் கிட்டார் வாங்கிய எல்லோரும் கொஞ்ச நாளில் கேட்கிற கேள்வி: "அந்த டோன் வர எந்த ஆம்ப் வாங்கணும்?" வாங்குறதுக்கு முன்னாடி, ஆம்ப்புக்குள்ள எதுக்கு அப்புறம் எது வருதுன்னு பாருங்க. தனித்துவமான டோன் பெரும்பாலும் அந்த வரிசையில்தான் இருக்கிறது. கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு இது இன்னும் சுலபமாகப் புரியும்.

டிஸ்டார்ஷன் என்ன செய்கிறது?

ஆம்ப் தாங்கும் அளவைத் தாண்டி சிக்னலை ஏற்றினால் அலையின் உச்சி தட்டையாகும். அப்போது மூல அலையில் இல்லாத அதிர்வெண்கள் புதிதாகப் பிறக்கும். 200 ஹெர்ட்ஸில் ஒரு ஸட்ஜம் கொடுத்தால் 400, 600, 800, 1000 என்று மடங்குகள் வரும். 400 என்பது மேல் ஸ. 600 அதற்கும் மேலே உள்ள ப. 1000 அந்தர காந்தாரம். நன்றாக ஸ்ருதி சேர்ந்த தம்புராவில் யாரும் மீட்டாமலே ஒரு காந்தாரம் கேட்குமே, அதேதான். தம்புராவின் குதிரைமேல் தந்திக்கு அடியில் வைக்கும் நூலும் மேல் ஹார்மோனிக்குகளைத் தூக்கிக் கொடுக்கத்தான்.

அலையின் இரண்டு பக்கமும் சமமாகத் தட்டையானால் 600, 1000 போன்ற ஒற்றை மடங்குகள் மட்டும் வரும். ஒரு பக்கம் அதிகமாக நசுங்கினால் 400, 800 போன்ற இரட்டை மடங்குகளும் சேரும்.

வரிசைதான் விஷயம்

டிஸ்டார்ஷனுக்கு முன்னால் பேஸைக் குறைப்பதும் பின்னால் குறைப்பதும் ஒன்றல்ல. முன்னால் குறைத்தால் எந்த அதிர்வெண் நசுங்க வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்கிறீர்கள். பின்னால் குறைத்தால், நசுங்கிப் பிறந்ததில் எது வெளியே கேட்க வேண்டும் என்பதை. கிட்டாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸ். அதை அப்படியே நசுக்கினால் சத்தம் கொழகொழன்னு ஆயிடும். ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமர் பெடல், நசுக்கும் கட்டத்தில் சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கத்தைக் குறைத்துவிட்டு, நசுக்கிய பிறகு மேல் பக்கத்தை வடிகட்டுகிறது. அதன் 'நடுப்பகுதி தூக்கலான' குரலுக்கு இதுதான் காரணம்.

வரலாற்று உதாரணம் மார்ஷல். லண்டனில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோருடன் சேர்ந்து 1962-ல் முதல் ஆம்ப்பைச் செய்தார். சர்க்யூட் அமெரிக்க ஃபெண்டர் பேஸ்மேனைப் பார்த்துச் செய்ததுதான். ஆனால் பேஸ்மேனின் முதல் வால்வு 12ஏஒய்7, அதன் பெருக்கக் காரணி சுமார் 44. மார்ஷல் போட்டது ஈசிசி83, அதற்கு 100. பேஸ்மேனில் பின்பக்கம் திறந்த பெட்டியில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்; மார்ஷலுக்கு மூடிய பெட்டியில் நான்கு 12 அங்குலம். முன்னால் சீக்கிரம் நசுங்குது, பின்னால் வேற மாதிரி வடிகட்டுது. கிட்டத்தட்ட அதே சர்க்யூட்டில் இருந்து ராக் இசையின் குரலே வந்தது.

ஸ-ப சேரும், ஸ-க உரசும்

இரண்டு ஸ்வரங்களைச் சேர்த்து நசுக்கினால் அவற்றின் வித்தியாசமும் பிறக்கும். ஸ 200, ப 300 என்றால் வித்தியாசம் 100, அதாவது கீழ் ஸ. ராக் கிட்டாரிஸ்டுகளின் 'பவர் கார்ட்' என்பது நம்ம ஸ-ப தான். அது கனமாக ஒலிப்பதன் ரகசியம் இந்தக் கீழ் ஸட்ஜம்.

காந்தாரத்தைச் சேர்த்துப் பாருங்கள். சுத்தமான அந்தர காந்தாரம் 250. வித்தியாசம் 50, இரண்டு ஸ்தாயி கீழே உள்ள ஸ. ஆனால் கிட்டார் ஃப்ரெட் தருவது கிட்டத்தட்ட 252. வித்தியாசம் 52 ஆகிவிடும். அது அந்த ஸ-வும் இல்லை, ரி-யும் இல்லை. கேட்க உரசல்.

கர்நாடக இசை ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம் வாசிக்கும் இசை. அதனால் டிஸ்டார்ஷனுக்கு அது இயல்பாகவே தோதானது. இன்னொரு லாபமும் உண்டு. நசுக்கும்போது பெரிய சத்தம் அடங்கி, சின்ன சத்தம் மேலே வரும். தந்தியின் ஒலி சீக்கிரம் மங்காது. கமகத்தை இழுக்க நேரம் கிடைக்கும். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கி, ஐந்தாவது தந்தி சேர்த்து, எலக்ட்ரிக் மாண்டலினுக்குப் போனார். அக்கூஸ்டிக் மாண்டலினில் ஒலி சட்டென்று செத்துவிடும். கமகத்துக்கு நீடிப்பு வேண்டும். அவர் அதைச் சுத்தமான டோனிலேயே சாதித்தார். கிட்டார் பிரசன்னா 2006-ல் ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்கு அஞ்சலியாக 'எலக்ட்ரிக் கணேஷா லேண்ட்' வெளியிட்டு, ராக் டோனுக்கும் கர்நாடக இசைக்கும் பாலம் போட்டார்.

விலையும் உண்டு. அதிகம் நசுக்கினால் மெதுவாக மீட்டியதும் அழுத்தி மீட்டியதும் ஒரே மாதிரி கேட்கும். ராகத்தின் பாதி உயிர் அந்த வித்தியாசத்தில்தானே இருக்கு?

செஞ்சு பார்க்க

முத்தாபுதுப்பேட்டை மாதிரி வீடுகள் நெருக்கமான ஊரில் ராத்திரி வால்வு ஆம்ப்பை அலற விட முடியாது. லேப்டாப்பே போதும். நான் வைத்துக்கொள்ளும் வரிசை:

1. முதலில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு.
2. பிறகு நசுக்கல். மென்மையாக மீட்டினால் சுத்தமாகவும், அழுத்தினால் மட்டும் கரகரப்பாகவும் கேட்கும் அளவில் கெயினை நிறுத்துங்கள். சொந்தமாகக் கோட் எழுதினால் சாம்பிள் வேகத்தை 4 மடங்காவது ஏற்றிவிட்டு நசுக்குங்கள். இல்லாவிட்டால் ஸ்ருதிக்குச் சம்பந்தமே இல்லாத அதிர்வெண்கள் உள்ளே மடங்கி வரும்.
3. கடைசியில் ஸ்பீக்கர். 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வேகமாக மங்கிவிடும். இந்த வடிகட்டல் இல்லாவிட்டால் எந்த டிஸ்டார்ஷனும் கொசு ரீங்காரம்தான்.
4. தம்புராவை இந்த வழியில் விடவே விடாதீர்கள். அதைத் தனி சானலில் சுத்தமாக வையுங்கள். சேர்த்து நசுக்கினால், நீங்கள் தொடும் ஒவ்வொரு ஸ்வரமும் தம்புராவோடு உரசி வேண்டாத வித்தியாசங்களைப் பெற்றுப்போடும்.

முதல் வெட்டை 150-லிருந்து 700 வரை மெதுவாக நகர்த்தி, அதே தோடி பிரயோகத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக் கேளுங்கள். கெயின் நாபைத் தொடாமலேயே நாலஞ்சு வேற வேற ஆம்ப் கேட்கும். அதுல எது உங்க குரல்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் கடைக்குப் போகலாம்.