வரைபடம் கற்க ஹவுராவே போதும்

1831-ஆம் ஆண்டின் இறுதியில், கல்கத்தா இந்துக் கல்லூரியில் படித்த ராதாநாத் சிக்தார் நில அளவைத் துறையில் கணக்கீட்டாளராகச் சேர்ந்தார். வயது பதினெட்டு, சம்பளம் மாதம் முப்பது ரூபாய். அவருக்கு அந்த வேலையை வாங்கித் தந்தது கணித அறிவு. பரங்கிமலை அருகே 1802-இல் ராணுவ அதிகாரி லாம்டன் தொடங்கிவைத்த மாபெரும் முக்கோண அளவைக்கு அப்படிப்பட்ட இளைஞர்கள் தேவைப்பட்டார்கள். 1852-இல் சிக்தார் போட்ட கணக்குதான் 'பதினைந்தாம் சிகரம்' உலகிலேயே உயரமானது என்று காட்டியது. 1856-இல் அதன் உயரம் 29,002 அடி என அறிவிக்கப்பட்டது. சிகரத்துக்குச் சூட்டிய பெயரோ, ஓய்வுபெற்றுப் போன தலைமை நில அளவையாளர் ஜார்ஜ் எவரெஸ்டுடையது.

இன்று சிக்தாரின் தொழிலுக்கு ஜி.ஐ.எஸ். என்று பெயர்: புவியியல் தகவல் அமைப்பு. ஓர் இடத்தைப் பற்றிய தகவல்களை அடுக்கடுக்காக ஒரே வரைபடத்தில் ஏற்றி, அவற்றுக்குள்ளே என்ன தொடர்பு என்று கேள்வி கேட்கும் முறை அது. தெரு ஓர் அடுக்கு, சாக்கடை ஓர் அடுக்கு, வீடுகள் இன்னொன்று. மழை பெய்தால் எந்தச் சந்தில் தண்ணீர் நிற்கும், அங்கே எத்தனை வீடுகள் என்ற கேள்விக்கு மூன்றும் சேர்ந்துதான் பதில் சொல்லும்.

சென்னை மக்களுக்கு ஹவுரா என்றால் ரயில் போய் நிற்கும் ஊர். ஆனால் இந்தத் தொழிலில் நுழைய நினைக்கும் இளைஞருக்கு ஹூக்ளி ஆற்றின் இரு கரைகளும் சேர்ந்து தரும் வசதி இந்தியாவில் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. ஹவுராவின் சிப்பூரில், 1856-இல் தோன்றிய பொறியியல் கல்லூரி இப்போது ஐ.ஐ.இ.எஸ்.டி. என்ற தேசிய நிறுவனமாக நிற்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சால்ட் லேக்கில், 1956-இல் புவியியலாளர் எஸ்.பி. சாட்டர்ஜி உருவாக்கிய தேசிய வரைபடத் தொகுப்பு நிறுவனமான நாட்மோ இருக்கிறது. நியூ டவுனில் இஸ்ரோவின் கிழக்கு மண்டலத் தொலையுணர்வு மையம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தலைமையகமும் கொல்கத்தாதான்.

இத்தனை வாசல்கள் இருந்தும் பட்டதாரிகள் பலர் வெளியிலேயே நிற்கக் காரணம் என்ன? கையில் சான்றிதழ் இருக்கிறது, தாங்களே செய்த வரைபடம் ஒன்றுகூட இல்லை. மென்பொருளின் பொத்தான்களை ஒரு மாதத்தில் பழகிவிடலாம். க்யூஜிஐஎஸ் என்ற மென்பொருள் முற்றிலும் இலவசம். 2002-இல் கேரி ஷெர்மன் தொடங்கியதைத் தன்னார்வலர்கள் வளர்த்து வருகிறார்கள். டேராடூனிலுள்ள ஐ.ஐ.ஆர்.எஸ். நிறுவனம் இணையவழியில் கட்டணமில்லாமல் பாடம் நடத்திச் சான்றிதழும் தருகிறது. எளிதில் கிடைக்காதது, எந்தத் தகவலை எவ்வளவு நம்பலாம் என்ற தெளிவு. அதைச் சொந்த ஊரின் மண்ணில்தான் கற்க முடியும்.

சந்திராகாச்சி ரயில் நிலையத்தை ஒட்டிய ஏரியை எடுத்துக்கொள்ளலாம். குளிர்காலத்தில் நீர்ப்பறவைகள் கூட்டமாக வந்திறங்கும் இடம். ஆகாயத்தாமரை மூடிவிட்டால் அவற்றுக்குத் திறந்த நீர் இருக்காது. ஏரியில் எவ்வளவு மூடியிருக்கிறது என்று அளக்க ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அதன் ஒரு புள்ளி தரையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். பச்சை இலை அண்மை அகச்சிவப்பு ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும்; தண்ணீர் அதை விழுங்கிவிடும். இந்த வேறுபாட்டை வைத்து அக்டோபர் படத்தையும் ஜனவரி படத்தையும் ஒப்பிட்டு, பிறகு கரைக்கே போய்ச் சரிபார்த்து இரண்டு பக்கத்தில் எழுதினால், நேர்காணலில் மேசைமேல் வைக்கத் தகுந்த முதல் வேலை அது.

அந்த வேலையை முடித்த மாணவர் ஹவுராவின் மழைநீர்த் தேக்கத்தை இலவச உயரத் தரவை வைத்து ஆராயப் புறப்பட்டால் தடுமாறுவார். முப்பது மீட்டர்ப் புள்ளிகள் கொண்ட எஸ்.ஆர்.டி.எம். தரவில் பல மீட்டர் பிழை இருக்கும்; கூரையையும் மரத்தையும்கூட அது தரை என்றே எண்ணிக்கொள்ளும். ஹவுராவோ மட்டமான நிலம். அரை மீட்டர் வித்தியாசம்தான் அங்கே தண்ணீர் போகும் திசையைத் தீர்மானிக்கிறது. எனவே தெருத்தெருவாக நடந்து, குடியிருப்பவர்களிடம் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேட்டுக் குறிக்க வேண்டியதுதான். இதைத் தானே கண்டுபிடித்துச் சொல்லும் மாணவரை வேலைக்கு எடுக்க யோசிக்க வேண்டியதில்லை.

இன்னொரு பொறி, பழைய வரைபடங்கள். சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய தாள்கள் எவரெஸ்ட் பெயரிலான புவி வடிவ அளவை அடிப்படையாகக் கொண்டவை, இன்றைய ஜி.பி.எஸ். வேறோர் அளவைப் பின்பற்றுகிறது. மாற்றாமல் ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால் ஹவுராவில் எல்லாமே இருநூறு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும்.

நடந்து வரைந்த வரைபடம் ஒரு நகரத்துக்கு என்ன செய்யும் என்பதற்குக் கொல்கத்தாவிலேயே சாட்சி உண்டு. அரசுப் பொறியாளரான துருவஜோதி கோஷ், நகரத்துக் கழிவுநீர் எங்கே போகிறது என்று தேடி 1980-களில் கிழக்குப் பக்கச் சதுப்புநிலங்களில் அலைந்தார். அந்தக் கழிவுநீரைக் கொண்டே மீனும் காய்கறியும் வளர்க்கும் மக்களைக் கண்டு, அந்தப் பரப்பை வரைபடமாக்கினார். 1992-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்த நிலத்தைக் காத்துத் தீர்ப்பளித்தது. 2002-இல் 12,500 ஹெக்டேர், உலக முக்கியத்துவமுள்ள சதுப்புநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

வேலைச் சந்தை இப்போது அகன்றிருக்கிறது. வரைபடத் தரவு மீதான கட்டுப்பாடுகளை மத்திய அரசு 2021 பிப்ரவரியில் தளர்த்தியது. 2022 டிசம்பரில் தேசியப் புவிசார் கொள்கையும் வந்தது. கிராமக் குடியிருப்புகளை ட்ரோனால் அளக்கும் ஸ்வமித்வா 2020-இல் தொடங்கியது. நகர நிலங்களுக்கான நக்ஷா திட்டம் 2025 பிப்ரவரியில். தனியார் நிறுவனங்களில் முதல் வேலை பெரும்பாலும் டிஜிடைசிங்: படத்தைப் பார்த்துக் கட்டடம், சாலை, வாய்க்கால்களைக் கோடாக்குவது. அலுப்பான வேலைதான். அதிலேயே தங்கிவிடாமல் இருக்க பைத்தானும் தரவுத்தள மொழியான எஸ்.க்யூ.எல்லும் கைகொடுக்கும். மேற்படிப்புக்குப் போகிறவர்களுக்கு, 2022 முதல் கேட் தேர்வில் ஜியோமேடிக்ஸ் தனித் தாளாகவே இருக்கிறது.

தமிழ்நாட்டில் இருப்பவருக்கும் இதே வழி திறந்திருக்கிறது. 1794-இல் நில அளவைப் பள்ளியாகப் பிறந்த கிண்டி பொறியியல் கல்லூரியில் ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் பட்டப்படிப்பு உண்டு. ஏரிக்குப் பதில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை எடுத்துக்கொள்ளலாம். பரப்பளவு கணக்கிடும்போது மட்டும் கவனம் வேண்டும்: பூமியை மண்டலங்களாகப் பிரிக்கும் யூ.டி.எம். வரைபட முறையில் ஹவுரா 45-ஆவது மண்டலம், சென்னை 44. மதுரைக்குச் சற்று மேற்கே 78 பாகைத் தீர்க்கரேகையைத் தாண்டிவிட்டால் மண்டலம் மாறும். கோவைக் குளங்களை அளப்பவர் 43-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும்.