சுரங்கம் தோண்டுமுன் நீருக்கு வழி



சிலாங்கூரில் கோலகுபு பாருவுக்கு அருகே அம்பாங் பெச்சா என்று ஓர் இடம் இருக்கிறது. மலாயில் 'அம்பாங்' என்றால் நீரைத் தடுக்கும் கரை. 'பெச்சா' என்றால் உடைந்தது. கரை உடைந்த இடம் என்பது பொருள். பெயருக்குக் காரணம் உண்டு. 1883-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அங்கிருந்த பழைய நீரணை உடைந்தது. வெள்ளம் கோலகுபு ஊருக்குள் பாய்ந்தது. மாவட்ட அதிகாரியாக இருந்த செசில் ரேங்கிங் என்பவரும் அதில் மாண்டு போனார்.

ஊரின் துன்பம் அதோடு தீரவில்லை. ஆற்றின் மேற்பகுதியில் ஈயம் எடுப்பதற்காக மலைச்சரிவுகளைக் கரைத்தார்கள். கரைந்த மண் சிலாங்கூர் ஆற்றில் இறங்கிற்று. ஆண்டுக்கு ஆண்டு ஆற்றின் அடிமட்டம் உயர்ந்தது. அடிமட்டம் உயர்ந்தால் ஆறு எங்கே போகும்? ஊருக்குள்தான் வரும். 1926-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்குப் பிறகு அந்த ஊர் நிலைக்க வழியில்லை என்பது எல்லாருக்கும் விளங்கிவிட்டது. 1930-களின் தொடக்கத்தில் மக்கள் மேட்டு நிலத்திற்குக் குடிபெயர்ந்தார்கள். அந்தப் புதிய ஊர்தான் கோலகுபு பாரு. 'பாரு' என்றால் புதியது என்று உங்களுக்குத் தெரியும்.

ஒரு முழு ஊரையே இடம் பெயர்த்தது மேலேயிருந்து வந்த மண். இன்றைக்கு நாம் எடுத்துக்கொண்ட செய்தியும் இதுதான். சுரங்கம் அமைக்கின்ற காலத்தில் நீரை எப்படி நடத்த வேண்டும்? அதற்குச் சுற்றுச்சூழல் அனுமதி என்று ஒன்று எதற்கு? ஆற்றின் கீழே குடியிருக்கும் தோட்ட மக்களாகிய நாம் அதைப் பற்றி ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

முதலில் ஒரு சின்னச் சோதனை. பிள்ளைகளை அழைத்துச் செய்து காட்டுங்கள். ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதியளவு தண்ணீர் ஊற்றி, வீட்டுப் பக்கத்து மண் ஒரு கைப்பிடி போட்டு, நன்றாகக் குலுக்கி வையுங்கள். பருமணல் உடனே அடியில் தங்கிவிடும். அதைவிட நுண்ணிய வண்டல் மெல்ல மெல்ல இறங்கும். மேலே இருக்கும் நீர் மட்டும் மறுநாள் காலையிலும் கலங்கலாகவே இருக்கும். அதுதான் களிமண். அசையாத நீரில் ஒரு மீட்டர் ஆழம் இறங்குவதற்கு மணலுக்கு ஒரு நிமிடம் போதும். வண்டலுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேண்டும். நுண்ணிய களிமண்ணுக்கு மூன்று நாளாவது ஆகும். ஓடுகின்ற நீரில் அது தங்கவே தங்காது. ஆற்றோடு கீழே போய்க்கொண்டே இருக்கும்.

இப்போது மழையைக் கணக்குப் பார்ப்போம். சுரங்கம் அமைப்பதற்காக 10 ஹெக்டேர் காட்டை வெட்டி வெளியாக்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. நம் நாட்டில் இது கேள்விப்படாத மழையன்று. அந்த 10 ஹெக்டேரில் விழும் நீர் எவ்வளவு தெரியுமா? ஒரு கோடி லிட்டர்! காடு இருந்தபோது இலையும் சருகும் வேரும் அதன் வேகத்தைத் தணித்தன. இப்போது தடுப்பார் இல்லை. வெறும் மண்ணில் விழுந்த நீர் மண்ணையும் வாரிக்கொண்டு பள்ளம் நோக்கி ஓடும்.

சுரங்கம் என்றவுடன் கனிமம் எடுக்கும் காலத்தைத்தான் நாம் நினைக்கிறோம். நீரைப் பொறுத்தவரை அதற்கு முந்திய மாதங்கள் மிகவும் ஆபத்தானவை. மரங்கள் போய்விட்டன, லாரிப் பாதைக்கு மலையை வெட்டியாயிற்று, வடிகாலும் குளமும் மட்டும் இன்னும் முடியவில்லை. இந்த நிலையில் ஒரு பெருமழை பெய்தால் போதும். ஓராண்டில் வரவேண்டிய சேறு ஒரே இரவில் ஆற்றுக்கு வந்துவிடும்.

நேயர்களே, இது தோட்டத்து மக்களுக்குப் புதிய பாடமில்லை. பழைய ரப்பர் மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்யும்போது என்ன செய்கிறார்கள்? மலைச்சரிவில் படிபடியாக வரப்பு வெட்டுகிறார்கள். ஓடும் மண் தேங்குவதற்குக் குழி எடுக்கிறார்கள். கன்றுகளுக்கிடையே கொடிப்பயிரைப் பரப்பித் தரையை மூடிவைக்கிறார்கள். கலங்கிய தண்ணீரில் படிகாரத்தைச் சுற்றித் தெளிய வைக்கும் பழக்கமும் நம் தாய்மார்களுக்குத் தெரியும். சுரங்க நிறுவனத்திடம் சட்டம் கேட்பதும் இவற்றைத்தான். அளவுதான் பெரிது.

சட்டம் என்ன சொல்கிறது? நம் நாட்டில் 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம் இயற்றப்பட்டது. 1987-ஆம் ஆண்டு ஆணையின்படி, குறிப்பிட்ட சில பெரிய வேலைகளைத் தொடங்குமுன் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கை தயாரித்து அனுமதி பெற வேண்டும் என்ற முறை 1988 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நிலமும் கனிமமும் மாநில அரசாங்கத்தின் கையில் உள்ளவை. ஆகவே சுரங்கக் குத்தகையை மாநிலம் தருகிறது. சுரங்க வேலையைக் கனிமவளத் துறை மேற்பார்க்கிறது. மதிப்பீட்டு அறிக்கையைப் பரிசீலிப்பது சுற்றுச்சூழல் துறை. குத்தகை கிடைத்துவிட்டது என்பதால் மட்டும் மண்வெட்டும் இயந்திரத்தை இறக்கிவிட முடியாது.

ஆனால் 1987-ஆம் ஆண்டு ஆணையில் ஓர் ஓட்டை இருந்தது. 250 ஹெக்டேருக்கு மேற்பட்ட புதிய சுரங்கக் குத்தகைக்குத்தான் அறிக்கை கட்டாயம். அதன் விளைவைக் குவாந்தான் மக்கள் கண்டார்கள். 2014, 2015-ஆம் ஆண்டுகளில் அங்கே பாக்சைட் மண்ணை அவசர அவசரமாகத் தோண்டினார்கள். பல இடங்கள் சிறு சிறு நிலங்கள். 2015 டிசம்பர் மழையில் செம்மண் கரைந்து ஓடி, ஆறும் கடலோரமும் சிவந்தன. 2016 ஜனவரி 15 முதல் அரசாங்கம் அந்த வேலையை நிறுத்தி வைத்தது. தடை 2019 மார்ச் வரை நீடித்தது. 2015-ஆம் ஆண்டில் பழைய ஆணைக்குப் பதிலாகப் புதிய ஆணை வந்தது. இதன்படி, இரண்டாவது அட்டவணையில் வரும் வேலைகளின் அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, அவர்கள் கருத்தைக் கேட்க வேண்டும்.

அனுமதி என்பது வெறும் முத்திரையன்று. அது நிபந்தனைகளோடு வருவது. வேலை தொடங்குமுன் சுற்றுச்சூழல் நிர்வாகத் திட்டம் ஒன்றையும் நிறுவனம் ஒப்படைக்க வேண்டும். நீரைப் பற்றி அதில் பார்க்க வேண்டியவை சில உண்டு.

முதலாவது, வரிசை. வடிகாலும் வண்டல் குளமும் முதலில். காடு வெட்டுவது பிறகு. இரண்டாவது, நல்ல நீரைச் சேற்று நீரோடு சேரவிடாமை. மேலே மலையிலிருந்து வரும் தெளிந்த நீரைத் தனிக் கால்வாய் வெட்டிச் சுற்றி அனுப்பிவிட்டால், குளம் தாங்க வேண்டிய சுமை குறையும். மூன்றாவது, தேவையான அளவு நிலத்தை மட்டும் திறப்பது. வேலை முடிந்த பகுதியை உடனே புல்லாலோ கொடியாலோ மூடுவது. நான்காவது, குளத்தைத் தூர்வாருவது. சேறு நிரம்பிய குளத்திற்குள் வந்த நீர் வந்த வேகத்தில் வெளியே போய்விடும். அப்படிப்பட்ட குளம் இருந்தும் பயனில்லை. கரையும் உறுதியாக இருக்க வேண்டும். மிஞ்சிய நீர் கரையை அறுக்காமல் வழிந்தோடத் தனி வழி வேண்டும். கரை உடைந்தால் என்ன ஆகும் என்பதை அம்பாங் பெச்சா என்ற பெயரே சொல்லுமல்லவா?

ஐந்தாவது, நீரைச் சோதிப்பது. சுரங்கத்திற்கு மேலேயும் கீழேயும் ஆற்று நீரை எடுத்து ஒப்பிட வேண்டும். தொழிற்சாலைக் கழிவுநீருக்கான 2009-ஆம் ஆண்டு விதிகள் ஓர் அளவு சொல்கின்றன. குடிநீர் எடுக்கும் இடத்திற்கு மேலே விடப்படும் நீரில் மிதக்கும் தூசும் சேறும் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. மற்ற இடங்களில் 100 மில்லிகிராம். 50 மில்லிகிராம் என்றால், 100 லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி மண் என்று வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு கண்டிப்பான அளவு என்பதை எண்ணிப் பாருங்கள்.

"எங்கள் தோட்டத்திற்குத்தான் குழாய் தண்ணீர் வந்துவிட்டதே, ஆற்றைப் பற்றி எங்களுக்கு என்ன கவலை?" என்று சிலர் கேட்கலாம். அந்தக் குழாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் ஆற்றிலிருந்துதான். ஆறு அளவுக்கு மீறிக் கலங்கினால் சுத்திகரிப்பு நிலையம் நின்றுவிடும். குழாய் வறண்டுவிடும். குழாய் வறண்டால் முதலில் வாளியைத் தூக்குகிறவர்கள் வீட்டுப் பெண்கள்.

ஆகையால் உங்கள் பகுதியில் சுரங்கம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டால் சும்மா இருந்துவிடாதீர்கள். அறிக்கை மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தால், படித்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். குறித்த நாளுக்குள் உங்கள் கருத்தை எழுதிக் கொடுங்கள். வண்டல் குளம் எங்கே வரும், பெருமழைக் காலத்தில் மண் வேலையை எப்படி நடத்துவார்கள், குளத்தைத் தூர்வாருகிறவர் யார், கீழேயுள்ள லயங்களுக்கு ஆபத்து வந்தால் யார் வந்து சொல்வார்கள் என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

வேலை தொடங்கிய பிறகு ஆற்றைக் கவனியுங்கள். மழை நின்று இரண்டு நாளாகியும் நீர் தெளியவில்லை என்றால், ஆற்றில் புதிதாக மணல் திட்டு விழுந்திருந்தால், நாள், நேரம், இடம் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கைத்தொலைபேசியில் படமெடுங்கள். ஒருவராகப் போவதைவிடத் தோட்டத் தலைவரோ தொழிற்சங்கக் கிளையோ வழியாக மாவட்ட அலுவலகத்திற்கும் சுற்றுச்சூழல் துறைக்கும் எழுதுங்கள். "ஆறு கெட்டுவிட்டது" என்று பொதுவாகச் சொல்லும் புகாரைவிட, "இன்ன தேதியில், இன்ன பாலத்தருகே" என்று சொல்லும் புகாருக்கு அதிகாரிகள் பதில் சொல்லியாக வேண்டும்.

சுரங்கம் தொழில் தரும், வருமானம் தரும். அதை வேண்டாமென்று சொல்வதற்காக இதைப் பேசவில்லை. தோண்டிய மண் சுரங்கத்திலேயே தங்கட்டும். ஆற்றுக்கு வருவது நீராக மட்டும் இருக்கட்டும் என்பதே நம் வேண்டுகோள். அதற்கு வழிசெய்வதுதான் அந்த அனுமதி. அனுமதியின் நிபந்தனை தாளில் இருக்கும். அது ஆற்றிலும் இருக்கிறதா என்று அன்றாடம் பார்க்கக்கூடியவர்கள் ஆற்றோரத்தில் வாழும் நீங்கள்தான்.