அக்சனின் குழியவன்கூடும் நரம்பழிவு நோய்களும்

நரம்புக்கலத்தின் படத்தைக் கரும்பலகையில் வரையும் ஆசிரியராகிய நாம், நம்மையறியாமலே ஒரு பிழை செய்கின்றோம். கலவுடலைப் பெரிதாகவும், அதனின்று புறப்படும் அக்சன் என்னும் நாரைச் சாணளவினதாகவும் காட்டுகின்றோம். உண்மையிலோ முள்ளந்தண்டிலிருந்து பாதத்தை அடையும் அக்சன் ஏறக்குறைய 1 மீற்றர் நீளமுடையது. அதனைப் பேணுங் கலவுடல் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்களவினதே. கலவுடலைத் தேசிக்காயளவினதாகக் கொள்ளின் அக்சன் அரைக் கிலோமீற்றர் தூரம் நீளும்.

அக்சனுக்கு வேண்டிய புரதங்களுட் பெரும்பாலானவை கலவுடலிலேயே ஆக்கப்படுகின்றன. ஆதலின் அவற்றைக் கடைக்கோடிவரை கொண்டுசெல்ல ஒரு வழி வேண்டும். 1948இல் போல் வைஸ், ஹெலன் ஹிஸ்கோ என்போர் நரம்பொன்றை இறுக்கி ஆராய்ந்தனர். வாய்க்காலை மறித்தவிடத்து நீர் தேங்குவதுபோல, இறுக்கிய இடத்துக்கு மேற்புறத்தே பொருள் தேங்கி அக்சன் வீங்கியது.

அவ்வழியை அமைப்பதே குழியவன்கூடு. அது மூவகை இழைகளாலானது. 25 நனோமீற்றர் விட்டமுள்ள நுண்புன்குழாய்கள் தண்டவாளங்கள் போல்வன. 10 நனோமீற்றர் அளவின நரம்பிழைகள் அக்சனுக்குப் பருமனை அளிக்கின்றன. மிக நுண்ணிய அக்ரின் இழைகள், பீப்பாவின் வளையங்கள்போல, மென்சவ்வின் கீழே ஏறக்குறைய 190 நனோமீற்றருக்கு ஒன்றாக அமைந்துள்ளமை 2013இற் காணப்பட்டது. தண்டவாளத்தின்மீது சுமை இழுப்பவை இயக்கப் புரதங்கள். 1985இற் கணவாயின் பேரக்சனிற் கண்டறியப்பட்ட கினசின் கீழ்நோக்கிச் செல்லும். டைனீன் மேல்நோக்கி மீளும். விரைவான சுமைகள் நாளொன்றுக்கு 400 மில்லிமீற்றர் வரை செல்ல, நரம்பிழைப் புரதங்களோ 1 மில்லிமீற்றரளவே நகர்கின்றன. அவை பாதத்தை அடைய மூன்றாண்டளவு செல்லும்.

இத்தகைய ஒழுங்கு குலையின் விளைவு யாது? நம் முற்றங்களிற் பூக்கும் நித்தியகல்யாணி இதற்கு விடை கூறும். அச்செடியினின்று பெறப்படும் வின்கிறிஸ்றீன் புற்றுநோய்க்கு மருந்தாகும். அது நுண்புன்குழாய்களைக் குலைத்துப் புற்றுக்கலங்களின் பிரிவைத் தடுக்கின்றது. ஆனால் நரம்பின் நுண்புன்குழாய்களும் அதற்கு இலக்காவதால், நோயாளரின் விரல் நுனிகள் மரத்துப்போவதுண்டு. நீண்ட அக்சன்களே முதலிற் பழுதுறுகின்றன.

இனி மறதிநோயை நோக்குவோம். 1906இல் அலோயிஸ் அல்சைமர், இறந்த நோயாளி ஒருவரின் மூளைக்கலங்களில் இழைச்சிக்கல்களைக் கண்டு விவரித்தார். அவை யாவை என்பது எண்பது ஆண்டுகளின் பின்னரே தெளிவாயிற்று. நுண்புன்குழாய்களைப் பற்றிநிற்கும் தௌ என்னும் புரதம் 1975இற் கண்டறியப்பட்டிருந்தது. அதே புரதம் மிகையான பொசுபேற்றேற்று, குழாயைவிட்டு நீங்கி, தன்னுள்ளே முறுக்குண்டு சிக்கலாகின்றதென 1986இல் நிறுவப்பட்டது. தௌவின் பரம்பரையலகுப் பழுது ஒன்றே ஒருவகை மறதிநோயை விளைவிக்கப் போதுமென்பது 1998இல் உறுதியாயிற்று. தசைகளை வலுவிழக்கச் செய்யும் இயக்கநரம்பு நோயிலும் நரம்பிழைகள் திரளுகின்றன. கினசின் வகையொன்றின் பழுது அந்நோய்க்குக் காரணமாதல் 2018இற் புலனாயிற்று.

எனினும், தண்டவாளம் குலைவதே நோய்க்கு முழுக்காரணம் என்று துணிதல் பொருந்தாது. தௌ இன்றிப் பிறந்த எலிகள் பெருங்கேடின்றி வாழ்கின்றன. ஆகவே தௌ குழாயை இழப்பதினும், திரண்டு நஞ்சாதலே கொடியதோ என்னும் ஐயம் எழுகின்றது. நுண்புன்குழாய்களை நிலைநிறுத்துமெனக் கருதப்பட்ட டவுனெற்றைட் என்னும் மருந்து, தௌ திரளும் பிறிதொரு நோயிற் பயனளிக்கவில்லையென 2014இல் அறிவிக்கப்பட்டது. ஆயினும் வேறொரு நன்மை கிட்டியுள்ளது. சிதையும் அக்சனினின்று கசியும் நரம்பிழைப் புரதத்தை இன்று குருதியிலேயே அளவிடலாம். நரம்பு அழியும் வேகத்தை அவ்வளவு ஓரளவு காட்டும்.

பெற்ற மகனின் பெயரை மறந்த முதியவரைப் புத்தி பேதலித்தவரென ஒதுக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் உண்டு. அவரிடத்துக் குற்றமில்லை. கண்ணுக்குப் புலனாகாத இழைகள் அவருள்ளே சிதைகின்றன. அவ்விழைகளைக் காக்கும் வழி காணும்வரை, அவரைக் காத்தல் நம் கடன்.