‘ஒரே வருஷத்தில் நர்ஸ்’ ஆக முடியுமா? சேரும் முன் கவனிக்க வேண்டியவை

பிளஸ் 2 முடித்த மகளை நர்சிங் சேர்க்கப் போறீங்களா? ‘ஒரே வருஷத்தில் நர்ஸ் ஆகலாம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்கு 3 ஆண்டு ஜி.என்.எம். டிப்ளமோ அல்லது 4 ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் முடித்து, மாநில கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும்.

ஏன் இத்தனை வருஷம்?

படிப்பில் பெரும்பகுதி வார்டில்தான். ஜி.என்.எம்.மில் கடைசி 6 மாதம் இன்டர்ன்ஷிப். தஞ்சாவூர் ராசா மிராசுதார் போன்ற மகப்பேறு மருத்துவமனைகளில் பிரசவ வார்டு எப்படி இருக்கும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு கூடினால், முதலில் கவனிக்க வேண்டியது பக்கத்தில் நிற்கும் நர்ஸ். வயிற்றில் கை வைத்து கர்ப்பப்பை இறுகியிருக்கா என்று பார்ப்பது, புத்தகம் படிச்சு மட்டும் வராது. அதனால்தான் மாணவிகள் பார்த்த ஒவ்வொரு பிரசவத்தையும் கேஸ் புக்கில் எழுதி, கையெழுத்து வாங்க வேண்டும்.

எப்படிச் சரிபார்ப்பது?

இந்திய நர்சிங் கவுன்சில், தமிழ்நாடு நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில் இணையதளங்களில் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்க. எந்த மருத்துவமனையில் பயிற்சி, அங்கே பிரசவ வார்டு இருக்கா என்றும் கேளுங்க. அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தால் பதிவு செய்ய முடியாது. சம்பா அறுத்த காசை ஃபீஸாகக் கட்டும் முன்பே இதை விசாரிச்சிடுங்க.