பூத்து முடிந்ததும் பிடுங்கிவிடாதீர்கள்!



ரோஜாவும் குரோட்டனும் இல்லாத முற்றம் நம்மவர் வீடுகளில் குறைவு. ஆனால், இடுப்பளவு உயரத்துக்கு ஒற்றைத் தண்டாக எழுந்து, கீழிருந்து நுனி வரை அடுக்கடுக்காகப் பூக்கும் செடிகளை ஏனோ கலியாண மேடையில் பார்ப்பதோடு விட்டுவிடுகிறோம். "அது ஒரு தடவைதான் பூக்கும், பிறகு வெறும் இலைதான்" என்று சொல்வோரும் உண்டு. நானும் அதை நம்பி, முதல் வருஷம் பூத்து ஓய்ந்த நிலச்சம்பங்கியைக் கிளறிக் குப்பையில் போட்டவள்தான். எதை வீசினேன் என்பது பிறகுதான் விளங்கியது.

அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. நிலச்சம்பங்கியின் ஒரு கிழங்கு ஒரு தடவைதான் பூக்கும். ஆனால், அது ஓய்வதற்குள் தன்னைச் சுற்றிப் பல குட்டிக் கிழங்குகளை ஈன்றுவிடும். அடுத்த பூக்கள் அந்தக் குட்டிகளில்தான் இருக்கின்றன.

மெக்சிகோ நாட்டிலிருந்து உலகெங்கும் பரவிய செடி இது. வட இந்தியர் ரஜனிகந்தா என்பார்கள்; இரவின் மணம் என்று பொருள். பெயர் பொய்யல்ல. பகலில் அடங்கிக் கிடக்கும் வாசனை, மஃரிபுக்குப் பிறகு வளவெல்லாம் நிறையும்.

கிழங்கு வாங்கும்போது பெருவிரல் பருமனாவது உள்ளதைத் தெரிந்தெடுங்கள். மிகச் சிறியவை அந்த வருஷம் இலை மட்டுமே விடும். ஒற்றை இதழ் அடுக்குள்ள வகையில் வாசனை கூடுதல். அடுக்குப் பூ பார்வைக்கு அழகு. நல்ல வெயில் விழும் இடம் வேண்டும். மதில் நிழலில் நட்டுவிட்டுக் கிழங்கு விற்றவரைக் குறை சொல்லக்கூடாது! முளை மேலே பார்க்க, 2 அங்குல ஆழத்தில், 8 அங்குல இடைவெளி விட்டு நடுங்கள்.

காத்தான்குடி, கல்முனைப் பக்கத்து மணல் வளவுகளில் தண்ணீர் தேங்காது, பசளையும் தங்காது. ஆகவே உக்கிய மாட்டெருவும் கூட்டெருவும் தாராளமாகக் கலந்து, மாரி ஓய்ந்த பிறகு பெப்ரவரியில் நடலாம். கொழும்பு, களுத்துறை, காலிச் சகோதரிகள் மண்ணை அரை அடியாவது உயர்த்திப் பாத்தி கட்ட வேண்டும். இந்தச் செடிக்கு வெயிலை விடத் தேங்கிய தண்ணீரே எதிரி. கிழங்கு அழுகினால் பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை. யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். இலை புல்லாய் அடரும், பூ வராது. தண்டு எழ மூன்று நான்கு மாதம் செல்லும். அவசரப்பட்டுக் கிளறிப் பார்க்க வேண்டாம். தண்டு எழுந்ததும் காற்றுக்குச் சாயாமல் மெல்லிய தடி ஒன்றை ஊன்றிக் கட்டிவிடுங்கள்.

சாடியில் வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாடியின் கீழே தட்டு வைக்காதீர்கள். 2017ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவாகினர். அந்த நுளம்புக்குத் தட்டில் நிற்கும் சிறிதளவு தண்ணீரே போதும். வீட்டுக்குள் பூ வைக்கும் ஜாடியும் அப்படித்தான். முட்டைகள் ஜாடியின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். தண்ணீரை மாற்றினால் மட்டும் போகாது. இரண்டு நாளைக்கொரு தடவை உள்ளே தேய்த்துக் கழுவுங்கள்.

கீழேயுள்ள இரண்டு மூன்று மொட்டுகள் விரிந்ததும், காலை வெயில் ஏறுமுன் தண்டை வெட்டலாம். மற்றவை ஜாடியில் ஒன்றன்பின் ஒன்றாக விரியும். ஒரு தண்டைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தனுப்புங்கள். நறுமணச் செடியை யாரும் தந்தால் மறுக்க வேண்டாம், அது சுமக்க இலேசானது, வாசனையும் நல்லது என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருப்பது முஸ்லிம் கிரந்தத்தில் பதிவாகியுள்ளது.

இனித்தான் முக்கியமான வேலை. தண்டை வெட்டிய பிறகும் இலைகளை வெட்டாதீர்கள். அவை சமைத்துக் கொடுக்கும் சத்தில்தான் குட்டிகள் பருக்கும். தண்ணீர் விடுவதை நிறுத்திவிடவும் வேண்டாம். இரண்டு மூன்று வருஷம் அதே இடத்தில் விட்டால் புதர் நெருக்கமாகிப் பூ சிறுக்கும். அப்போது இலை பழுக்கும் காலம் பார்த்துத் தண்ணீரைக் குறைத்து, முள்ளால் மெதுவாகக் கிளறி எடுங்கள். பருத்தவை, சிறியவை என்று பிரித்து, நிழலில் ஒரு மாதம் காய வைத்து மீண்டும் நடலாம். சிறியவற்றைத் தனிப் பாத்தியில் போட்டால் அடுத்த வருஷங்களில் அவையும் பூக்கும்.

நுவரெலியா, பண்டாரவளை போன்ற குளிர்ப் பகுதியில் இருப்பவர்களுக்குக் கிளடியோலஸ் நன்றாக வரும். வாள் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். இலையைப் பார்த்தாலே காரணம் புரியும். அதன் பழைய கிழங்கு சுருங்கி, அதன் மேலேயே புதிய கிழங்கு உருவாகும். சுருங்கியதைப் பார்த்து எல்லாவற்றையும் எறிந்துவிடாதீர்கள். வளவில் நிழலும் ஈரமும்தான் இருக்கிறதா? சிவப்பு இஞ்சிப் பூ வையுங்கள். பூத்த தண்டை அடியோடு வெட்டினால் பக்கத்தில் புதியது கிளம்பும். வெட்டாமல் விட்டால் அந்தப் பூவிலேயே குட்டிச் செடிகள் முளைப்பதைக் காணலாம். அவற்றைக் கிள்ளி நட்டாலே போதும்.

பிரித்தெடுத்த கிழங்குகளைப் பொலித்தீன் பையில் கட்டி வைக்காதீர்கள், வியர்த்து அழுகிவிடும். பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி, காற்றுப் படும் மூலையில் வையுங்கள். ராத்தா வீட்டுக்கோ மாமி வீட்டுக்கோ போகும்போது நாலைந்தைக் கையோடு கொண்டு போகலாம்.